இரு வாளிகள்

கிணற்றடியிலே இரண்டு வாளிகள் உள்ளன. ஒன்று கப்பிக் கயிற்றிலே தொங்குவது. கிணற்றிலிருந்து நீர் அள்ளுவதற்கன்றி வேறெதற்கும் அது பயன்படுவதில்லை. மற்றையது, கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடி தள்ளி, வேலியோர முருங்கையின் கீழே கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பது. மலசலகூடத்துக்கு நீர் கொண்டுசெல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. முதல் வாளியிலிருந்து இரண்டாம் வாளிக்கு நீர் வார்க்கலாம். ஆயின், வார்க்கும்போது ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்பிலே படலாகாது. ஒரு சாண் உயரத்திலிருந்து வார்க்க வேண்டும். பட்டுவிட்டாலோ, கப்பி வாளியைச் சாம்பலும் பொச்சும் கொண்டு தேய்த்து, மூன்று முறை கழுவி, வெயிலிலே காயவைத்த பின்னரே மீண்டும் கிணற்றுக்குள் இறக்கலாம். இவ்விதியை அவ்வீட்டுப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னரே அறிந்திருந்தனர். காரணத்தை எவரும் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை.

அவ்வீடு கல்லடிக்குத் தெற்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் மட்டக்களப்பு வாவியும் கிடக்க, நடுவே ஒடுங்கி நீளும் மணற்றரையிலே உள்ளது. மட்டக்களப்பு வழக்கப்படி அது பெண்வழிச் சொத்து. தாய் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. வீடு பெண்ணுடையதாயின் கிணறும் குசினியும் பெண்ணுடையனவே. ஆகவே, எந்தப் பாத்திரம் எதனோடு சேரலாம், எது சேரலாகாது என்று விதிக்கும் அதிகாரமும் அவளுக்கே உரியது. ஈண்டு அம்மம்மா என்று குறிக்கப்படுபவர் அவ்வதிகாரத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்ப்பெதுவுமின்றிச் செலுத்தி வந்தவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி அவ்வீட்டுக் கூரையைக் கொண்டுபோனபோதும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் வளவுக்குள்ளே புகுந்தபோதும் இழக்காத அவ்வதிகாரத்தை அவர் முதன்முதலாக இழந்தது ரொறன்ரோ நகரிலேதான்.

2018ஆம் ஆண்டின் இறுதியிலே, பேத்திக்கு முதற்பிள்ளை பிறந்ததையொட்டி அவர் அங்கு அழைக்கப்பட்டார். பனிக்காலம். வெளியே செல்ல இயலாது. பேத்தி பிள்ளையோடு அறையிலே கிடந்தாள். வீட்டு வேலைகளைப் பேத்தியின் கணவனே செய்தான். சமைப்பதும், பிள்ளையின் துணி துவைப்பதும், குளியலறை கழுவுவதும் அவன்தான். மருமகன்மார் கிணற்றடிப் பக்கமே தலைகாட்டாத ஒரு வீட்டிலே வாழ்ந்த அம்மம்மாவுக்கு அது முதலில் வியப்பையும், பின்னர் பெரும் மகிழ்ச்சியையும் தந்தது. தொலைபேசியிலே ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் அவன் குளியலறையிலிருந்த சவர்க்காரப் பெட்டி, பற்தூரிகை வைக்கும் குவளை, நீர்வடிகாலின் சல்லடை ஆகியவற்றை ஒரு தட்டத்திலே ஏந்தி வந்தான். கொமட் தேய்க்கும் பிறஷும் அது நிற்கும் கிண்ணமும் அவற்றோடு இருந்தன. யாவற்றையும் குசினியிலே பாத்திரம் கழுவும் இயந்திரத்துள் அடுக்கிக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினான். ஒன்றரை மணி நேரத்துக்குப் பின்னர் அவற்றை எடுத்து மீண்டும் குளியலறையிலே வைத்தான். அதன் பின்பு, மதியம் உண்ட தட்டுகளை அதே இயந்திரத்துள்ளே வைத்தான். அம்மம்மா நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ளயா மகன் சோத்துத் தட்டும் போடுற?”

“ஓம் அம்மம்மா. நல்ல கொதிதண்ணியில கழுவுது. ஒரு கிருமியும் மிஞ்சாது. ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தான்.”

“அது சரி மகன்.”

அவ்வளவே உரையாடல். அன்றிரவு தொடக்கம் அம்மம்மா கடதாசித் தட்டிலே உண்டார். கேட்டபோது, கை நடுங்குகிறது, கண்ணாடித் தட்டை விழுத்திவிடுவேன் என்றார். பதினொரு நாள்கள் இவ்வாறு சென்றன. பன்னிரண்டாம் நாள் பேத்தி அழுதாள். பேத்தியின் கணவன் அழவில்லை; ஆனால் அவன் கேட்ட கேள்வி அழுகையிலும் கடினமானதாக இருந்தது. தான் தொட்டதனாலா உண்ணவில்லை என்று அவன் கேட்டான்.

அக்கேள்வியின் பின்னணியை விளங்கிக்கொள்ள வேண்டும். அவன் அந்நாட்டிற்கு வந்த முதல் ஆறு ஆண்டுகள், இரவு பத்து மணி முதல் காலை வரை, வானளாவும் அலுவலகக் கட்டடமொன்றின் மலசலகூடங்களைக் கழுவியவன். புலம்பெயர்ந்த நம்மவரிற் பலர் முதலிற் செய்த தொழில் அது. ஊருக்கு எழுதும் கடிதங்களிலே அதனை ‘கொம்பனி வேலை’ என்று மட்டும் குறிப்பிடுவது வழக்கமாக இருந்தது. அவனும் அவ்வாறே எழுதினான். அம்மம்மாவுக்கு உண்மை தெரியுமென்று அவன் எண்ணியிருந்தான். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த வழக்கிலே நியாயம் யார் பக்கம் என்பதை முதலில் இயந்திரத்திடமே கேட்பது தகும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பயன்தரத்தக்க முறையிலே அமைத்தவர் யோசபின் கொக்ரேன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே அவருடைய இயந்திரம் வைக்கப்பட்டது. சுகாதாரம் அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அவருடைய விலையுயர்ந்த பீங்கான் பாத்திரங்களை வேலைக்காரர் கழுவும்போது உடைத்துவிட்டனர் என்பதே மூலகாரணம். பிறர் கையை நம்பாமையிலிருந்து பிறந்த கருவி அது என்றாற் பிழையாகாது.

இன்றைய வீட்டு இயந்திரம் நீரினால் நிரம்புவதன்று. முழுச் சுற்றுக்கும் ஏறத்தாழ 10 முதல் 15 லீற்றர் நீரே போதுமானது. அடியிலே தேங்கும் சிறிதளவு நீரைப் பம்பி உறிஞ்சி, சுழலும் கைகளின் துவாரங்கள் வழியே மேல்நோக்கிப் பீச்சுகின்றது. பீச்சிய நீர் பாத்திரங்களிலிருந்து வடிந்து அடிக்கு வர, மீண்டும் அதனையே உறிஞ்சிப் பீச்சுகின்றது. ஒரு கட்டம் முடிந்ததும் அழுக்குநீர் வெளியேற்றப்பட்டுப் புதுநீர் எடுக்கப்படும். அதாவது, ஒரே கட்டத்துள் ஒரு பொருளைக் கழுவிய நீர் உள்ளேயிருக்கும் அனைத்துப் பொருள்களின் மீதும் பலமுறை படுகின்றது. கிணற்றடியிலே வாளியின் விளிம்பு விளிம்போடு படலாகாது என்று விதித்தவர் இதனை அறிந்திருந்தால் கடதாசித் தட்டையும் மறுத்திருப்பார் போலும்!

ஆயின், கிருமியைக் கொல்வது நீரின் அளவன்று. வெப்பமும் சவர்க்காரப்பொடியின் காரமும் நேரமுமே. மனிதனின் கை 45 பாகை செல்சியஸ் அளவிலேயே நீரைத் தாங்க மாட்டாது பின்வாங்கிவிடும். இயந்திரத்துக்கு அத்தகைய கூச்சம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவிலே, கிருமிநீக்கம் செய்வதெனச் சான்று பெறும் வீட்டு இயந்திரம் இறுதி அலசலின்போது 150 பாகை பரனைற்று, அதாவது ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ், வெப்பத்தை எட்ட வேண்டும் எனவும், பற்றீரியாக்களில் 99.999 சதவீதத்தை ஒழிக்க வேண்டும் எனவும் நியமம் உண்டு. உணவகங்களிலே உயர்வெப்ப முறையிற் கழுவும் பெரிய இயந்திரங்களுக்கு இறுதி அலசல் 82 பாகை. குடலிலே வாழும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை 65 பாகையிலே சில நிமிடங்களுக்கு மேல் உயிர் தாங்கா. எனவே, பேத்தியின் கணவன் கூறியது முற்றாகப் பொய்யன்று.

முற்றாக மெய்யுமன்று. முதலாவதாக, எல்லா இயந்திரமும் எல்லாச் சுற்றிலும் அவ்வெப்பத்தை எட்டுவதில்லை. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் சுற்று 50 பாகையைச் சூழவே நின்றுவிடும். இரண்டாவதாக, சில வைரசுகளும், வித்திகளாக உறங்கும் சில பற்றீரியாக்களும் வயிற்றோட்டம் கண்டவரின் மலத்திலே வெளிப்படுபவை. அவை வெப்பத்துக்கு எளிதில் அஞ்சுவனவல்ல. மூன்றாவதாக, பிறஷின் அமைப்பு. நெருக்கமாக நட்ட நார்களின் அடியிலே படிந்திருக்கும் கறையை, கீழிருந்து பீச்சும் நீர் சென்று எட்டுவதில்லை. கழுவப்படாத கறை வெந்தாலும் கறையே. நான்காவதாக, கொமட்டுக்கு ஊற்றும் திராவகம் பிறஷிலே எஞ்சியிருக்கக்கூடும். அது குளோரீன் கலந்த சவர்க்காரப்பொடியோடு சேருமாயின் நச்சு வாயு எழும். இவற்றையெல்லாம் கருதின், சவர்க்காரப் பெட்டியையும் பற்தூரிகைக் குவளையையும், உண்கலங்கள் இல்லாத வேளையிலே, மிகு வெப்பச் சுற்றிலே கழுவுவதாற் கேடொன்றுமில்லை என்றும், கொமட் பிறஷை அதனுள் வைத்தது தவறென்றும் தீர்ப்புக் கூறலாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அவன் கூறியதும் பாதி உண்மையே. நோயாளரின் மலக்கலங்களைக் கழுவுவதற்கு மருத்துவமனைகளிலே தனி இயந்திரங்கள் உள. அவை கழுவிய பின்னர் 80 பாகை வெப்பத்திலே ஒரு நிமிடம் வைத்துக் கிருமிநீக்கம் செய்கின்றன. ஆயினும் அவ்வியந்திரத்துள்ளே எவரும் உணவுத் தட்டை வைப்பதில்லை. வெப்பத்தை முழுமையாக நம்பும் இடத்திலேகூட இரண்டு வாளிகள் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, இயந்திரத்தின் பக்கத்தாருக்குச் சற்றுச் சங்கடமான ஒரு செய்தி. சுலோவீனிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்றிலே, 18 நாடுகளைச் சேர்ந்த 101 நகரங்களிலே 189 பாத்திரம் கழுவும் இயந்திரங்களின் கதவு இறப்பர்களைச் சோதித்தனர். 62 சதவீதமானவற்றிலே பங்கசுகள் வளர்ந்திருந்தன. அவற்றுள் முதன்மையானது கரிய நிறமுடைய ஒருவகை மதுவம். வெப்பத்தையும் உப்பையும் காரத்தையும் ஒருங்கே தாங்கவல்லது. எல்லாவற்றையும் கொல்லுமென நம்பப்பட்ட பெட்டி, எதனாலும் கொல்லப்படாத ஒன்றுக்கு மனையாகிவிட்டது.

அம்மம்மாவின் பக்கத்தாரும் பெரிதும் மகிழ்வதற்கில்லை. கையால் தேய்ப்பதற்கு அவர் அங்கே பயன்படுத்தியது சாம்பலும் பொச்சுமல்ல, மஞ்சட்பஞ்சு. 2017ஆம் ஆண்டிலே ஜேர்மனிய ஆய்வாளர்கள் வீடுகளிலே பயன்பட்ட 14 பஞ்சுகளை ஆராய்ந்து, ஒரு கன சென்ரிமீற்றரிலே ஐயாயிரம் கோடி என்னும் அளவு வரையிலே பற்றீரியாக்கள் செறிந்திருக்கக் கண்டனர். கொதிநீரிலே இட்டுத் தூய்மை செய்யப்பட்டவை என்று சொல்லப்பட்ட பஞ்சுகளும் அவ்வகையில் மேம்பட்டு நிற்கவில்லை. ஊரிலே ஒரு பிடி பொச்சு, கரி படிந்த சட்டி இரண்டைத் தேய்த்ததும் குப்பைக்குப் போய்விடும், வெயிலிலே காய்ந்துவிடும். மஞ்சட்பஞ்சு வாரக்கணக்கிலே ஈரத்தோடு குசினியிலே குடியிருக்கும். ஆகவே அந்தப் பதினொரு நாள்களிலே அம்மம்மா தனியாகத் தம் கையாற் கழுவி உபயோகித்த தேநீர்க் குவளைதான் அவ்வீட்டிலே அழுக்கு மிகுந்த கலமாக இருந்திருக்கவும் கூடும்.

இவ்விடத்திலே அறிவியல் தன் வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிடுகின்றது. ஆயின் அம்மம்மாவின் கை தட்டை நோக்கி நீளவில்லை. அது ஏன்?

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் போல் ரோசினும் அவர்தம் துணைவரும் 1986ஆம் ஆண்டிலே ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கிருமிநீக்கம் செய்யப்பட்ட செத்த கரப்பான் பூச்சியொன்றைப் பழச்சாற்றிலே அமிழ்த்தி எடுத்தனர். பூச்சியிலே கிருமி யாதுமில்லை என்பது பருக வேண்டியவர்களுக்கு நன்கு தெரியும். எனினும் அச்சாற்றிலே அவர்களுக்கு விருப்பம் அற்றுப்போயிற்று. 1994ஆம் ஆண்டிலே அருவருப்பை அளவிடுவதற்கென ரோசின் உள்ளிட்டோர் அமைத்த வினாநிரலிலே, நன்றாகக் கழுவிய ஈயடிக்கும் மட்டையாற் கலக்கிய சூப்பைப் பற்றிய வினாவும் இடம்பெற்றுள்ளது. ஒருமுறை பட்டது என்றும் பட்டதே என்று மனித மனம் கணக்கு வைக்கின்றது. இக்கணக்கு மட்டக்களப்புக் கிழவிக்கு மட்டும் உரியதன்று; பென்சில்வேனிய மாணவர்க்கும் உரியது. மேரி டக்ளஸ் என்னும் மானிடவியலாளர் 1966ஆம் ஆண்டிலே எழுதிய நூலில், அழுக்கு என்பது பொருளின் இயல்பன்று, அது தனக்குரிய இடம் மாறி நிற்றலே என்னும் கருத்தை விரித்துரைத்தார். குளியலறையிலே நிற்கும் பிறஷ் அருவருப்பூட்டுவதில்லை. குசினிக்கு வந்ததும் ஊட்டுகின்றது.

மட்டக்களப்பு மாந்தர் இதனை நூல் படித்து அறிந்தவரல்லர். பிறப்பிலும் இறப்பிலும் பெண்ணின் பூப்பிலும் துடக்கு என்று ஒன்றை வகுத்து, நாள் எண்ணி, கழிவு செய்து வாழ்ந்தவர்கள். துடக்கு கண்ணுக்குத் தெரிவதன்று; சவர்க்காரத்தாற் போவதன்று; நாள் சென்றால் தானே நீங்குவது. ‘அம்மாள் வருத்தம்’ கண்டவருக்குத் தனிப்பாயும் தனிப்பிங்கானும் வைத்து, வேப்பிலை செருகி, அயலார் வருகையைத் தடுத்தவர்களும் அவர்களே. வைகாசியிலே கண்ணகையம்மன் சடங்குக்குப் புதுப்பானையிலன்றிப் பொங்கார். இவற்றுள்ளே எது கிருமியைத் தடுத்தது, எது மனத்தை மட்டும் ஆற்றியது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. தொற்றுநோயாளனின் பிங்கானை ஒதுக்கியதிலே மருத்துவம் இருந்தது. பிள்ளை பெற்ற தாயை ஒதுக்கியதிலே அவளுக்கு ஓய்வு இருந்தது, இழிவும் இருந்தது. ஒரே கயிற்றிலே திரித்த இழைகள் இவை.

பங்குனி மாதத்திலே அம்மம்மா ஊர் திரும்பினார். கிணற்றடியிலே வாளிகள் இரண்டும் வைத்த இடங்களிலேயே இருந்தன. மகளும் அயலாரும் கேட்கக் கேட்கப் பனியின் கதையைச் சொன்னார், குழந்தையின் கதையைச் சொன்னார். இயந்திரத்தின் கதையை மட்டும் சொல்லவில்லை. அது வெளிவந்தது வேறொரு சந்தர்ப்பத்திலே.

மழைகாலத்துக்கு முன்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் அவ்வீதியிலே வீடு வீடாக வந்தார். கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்தார். இரண்டுக்கும் இடையே காலடியால் அளந்தார். மலக்குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டுமென்பது நம்மூரிலே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அவ்வளவிலே முப்பது அடிக்குச் சற்று மேல் இருந்தது. அவ்வளவிலே குறை மட்டுமன்று, தரையும் மணல். வாவிக்கும் கடலுக்கும் இடையிலான இம்மணலின் கீழே நன்னீர் ஒரு மெல்லிய வில்லையாக உவர்நீரின் மீது மிதக்கின்றது. மாரியிலே அது மேலெழுந்து குழியின் அடியைத் தொடுகின்றது. மணலின் ஊடாக நீர் விரைந்து செல்லும். களிமண்ணிலாயின் வடிகட்டப்படுவது இங்கு வடிகட்டப்படாமலே நகர்ந்துவிடும்.

அவ்வில்லை எத்துணை மெல்லியது என்பதை 2004ஆம் ஆண்டின் பின்னர் எல்லோரும் கண்டனர். கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்கும் ஆர்வத்திலே பம்பிகளை இறக்கி மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்து கிணறு இன்னும் உவர்த்தது. பெரிதாக இறைக்க வேண்டாம், மழை கழுவட்டும் என்று பின்னர் அறிவுறுத்தப்பட்டது. சுத்தம் செய்தலே அசுத்தத்தைக் கொணர்ந்த அவ்வநுபவத்தை அப்பகுதி மக்கள் மறந்திலர்.

பரிசோதகர் குறைகூறும் பாங்கிலன்றி, பெரியவரிடம் பேசும் மரியாதையோடு, “அம்மா, வாளிய ரெண்டா வச்சிருக்கிறீங்க, நல்லது. ஆனா கீழ தண்ணி ஒண்டுதான்” என்றார். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே வருகின்றதே, அதனைக் குடிக்கலாமே என்றும் சொன்னார். அம்மம்மாவுக்கு அந்நீர் பிடிப்பதில்லை. மருந்து மணக்கிறது என்பார். அம்மணம் குளோரீனின் மணம். நீரைத் தூயதாக்கும் பொருளின் மணமே அவருக்கு அசுத்தமாகப் பட்டது. கொதிக்கவைத்தாவது குடியுங்கள் என்று கூறிப் பரிசோதகர் அடுத்த வளவுக்குச் சென்றார்.

அன்று மாலையிலேதான் இயந்திரத்தின் கதையை அம்மம்மா மகளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அதனோடு சேராததுபோலத் தோன்றும் மற்றொரு கதையையும் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது பட்டினத்திலே தாயின் தமக்கை வீட்டில் ஓராண்டு தங்கிப் படித்தார். அங்கே வாளிக் கக்கூசு. விடியுமுன்னர் பின்கோடிப் படலையால் ஒருவர் வந்து வாளியை எடுத்துச் சென்று வெறுமையாக்கிக் கொணர்ந்து வைப்பார். இலங்கையின் பட்டினங்களிலே இத்தொழிலுக்கெனப் பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியிலே வந்தவர் அவர். மாதத்திலொருமுறை, காசு கொடுக்கும் நாளிலே, அவருக்குத் தேநீர் கொடுப்பார்கள். பின்தாழ்வாரத்து இறப்பிலே ஒரு சிரட்டை செருகப்பட்டிருக்கும். அதனை அவரே எடுத்து, கழுவி, நிலத்திலே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். மூத்தம்மா கெண்டியிலிருந்து தேநீரை ஒரு சாண் உயரத்திலிருந்து வார்ப்பார்.

“மறுகா?” என்று மகள் கேட்டார்.

“மறுகா என்ன. குடிச்சிட்டுத் திரும்பவும் கழுவிச் செருகிட்டுப் போவார். எங்கட பிங்கானை விட அந்தச் சிரட்டை சுத்தம் புள்ள. ரெண்டு தரம் கழுவினதெல்லோ.”

இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளியின் பெயர் அவருக்கு நினைவில்லை. எவரும் அதனை உச்சரிக்கக் கேட்டதுமில்லை என்றார். ரொறன்ரோவிலே பேத்தியின் கணவன் என்ன தொழில் செய்தான் என்பதை அந்தப் பன்னிரண்டாம் நாளிலேதான் அவர் அறிந்தார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அறிந்ததும் கடதாசித் தட்டை விட்டுவிட்டுக் கண்ணாடித் தட்டிலே உண்டார். மீதியிருந்த நாள்கள் முழுவதும் உண்டார். அது அருவருப்பு நீங்கியதனால் அன்று. அருவருப்போடே உண்டார் என்று மகளிடம் ஒப்புக்கொண்டார். முதற்கவளம் தொண்டையிலே நின்றதாம். பேத்தியின் கணவன் எதிரேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பொருள்களைப் பிரித்துவைக்கும் விதி ஆட்களைப் பிரித்துவைக்கும் விதியாக எப்போது மாறுகின்றது என்பதற்கு எல்லைக்கல் கிடையாது. கப்பி வாளியை வேறாக வைத்ததனால் எவருக்கும் இழிவு நேர்ந்ததில்லை. சிரட்டையை வேறாக வைத்ததனால் ஒரு மனிதனுக்குப் பெயரே இல்லாமற்போயிற்று. இரண்டுக்கும் வார்க்கும் உயரம் ஒரு சாண்தான். அம்மம்மா இதனை இவ்வாறு சொல்லவில்லை; அவர் சொன்ன இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தவர் அவரே என்பது மட்டும் உண்மை. இன்றும் நம் நகரங்களிலே அதிகாலையிற் கழிவகற்றுவோர் வீட்டு வாசலிலே நீர் கேட்டால் எந்தப் பாத்திரத்திலே கொடுக்கப்படுகின்றது என்பதை, படித்தவர் வீடுகளிலும் கவனித்துப் பார்க்கலாம். பிளாஸ்ரிக் போத்தல்கள் வந்தபின் அவ்வினாவைத் தவிர்ப்பது எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது.

2023ஆம் ஆண்டு ஆடியிலே பேத்தியும் கணவனும் பிள்ளையும் ஊருக்கு வந்தனர். கொமட் பிறஷை இப்போது இயந்திரத்திலே வைப்பதில்லை என்றும், வாளியிலே குளோரீன் நீர் கலந்து ஊறவிட்டு வெயிலுக்கு வைப்பதாகவும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதாகவும் பேத்தி சொன்னாள். கணவன் சவர்க்காரப் பெட்டியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லையாம். அது இன்னும் இயந்திரத்துக்குள்தான் போகின்றதாம், தனியாக. அம்மம்மா சிரித்தார்.

வந்த மறுநாட் காலையிலே அவன் கிணற்றடியிலே நின்றான். பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. மாமியார் வீட்டு விதி அவனுக்குத் தெரியும். எனினும் ஐயத்தோடு கப்பி வாளியையும் முருங்கையடி வாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்த வாளி அம்மம்மா?”

அம்மம்மா குசினி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“குடிக்கிறதுக்கு ரெண்டும் வேணாம் மகன். கேத்திலில கொதிச்சாறின தண்ணி இருக்கு. வந்து எடு.”